டாக்டரிடம் போகும் நாள்: செல்லப்பிராணிகள் கேள்வி பதில்

வீட்டில் சாதுவாகத் திரியும் பூனையும் முயலும் கிளினிக் வாசலை மிதித்ததும் ஏன் இப்படி மாறிவிடுகின்றன என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டாக்டரின் மேசைமேல் நடக்கும் போராட்டத்தில் பெரும்பங்கு அதற்கு முன்பே, வீட்டிலும் வண்டியிலும் தொடங்கிவிடுகிறது. அதனால் பதில்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கள் பூனைக்கு நான்கு வயது. அதைக் கொண்டுபோகும் கேரியர் பெட்டியை ஸ்டோர் அறையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. இழுத்தால் கையெல்லாம் கீறல். கிளினிக் போனபின் பெட்டியைவிட்டு வர மறுப்பதால் கவிழ்த்துக் கொட்டித்தான் எடுக்கிறோம். அடுத்த மாதம் தடுப்பூசி. என்ன செய்யலாம்?
*வாசகி, செந்தூல்*

ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஊசி போடும் நாளில் மட்டும் வெளியே வரும் பெட்டியை எந்தப் பூனைக்குப் பிடிக்கும்? இன்றே அதை எடுத்து ஹாலில், பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். இனி அது ஸ்டோருக்குத் திரும்பவே வேண்டாம். ஒரு மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் கதவு உள்ள பெட்டியாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. மேல்மூடி தனியாகக் கழலும் கெட்டிப் பிளாஸ்டிக் கேரியர்தான் பூனைக்கு ஏற்றது. நான்கு கிலோ பூனைக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் உள்ளே திரும்பிப் படுக்க முடியும். மூடியை இணைக்கும் கிளிப்புகளையும் கதவின் கொக்கியையும் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் பூனை தப்பி ஓடுவது பெரும்பாலும் இந்தக் கொக்கி நழுவித்தான்.

முதல் வாரம் மேல்மூடியைக் கழற்றி, அடிப்பகுதியை மட்டும் வையுங்கள். பூனை படுத்துப் பழகிய தேங்காய்ப்பூத் துண்டை, துவைக்காமல், அதில் விரியுங்கள். துவைத்தால் அதன் வாசனை போய்விடும், பிறகு துண்டு விரித்தும் பயனில்லை. நாளுக்கு இரண்டு மூன்று முறை உப்பில்லாமல் அவித்த கோழியோ கெம்போங் மீனோ நகக்கண் அளவு பிய்த்து உள்ளே போடுங்கள். நெத்திலிக் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நீங்களாகத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள், தானாக ஏறட்டும்.

இரண்டாம் வாரம் மூடியை மாட்டி, கதவை மட்டும் கழற்றி வைத்து, சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளுங்கள். மூன்றாம் வாரம் கதவை மாட்டி, தின்றுகொண்டிருக்கும்போது ஐந்து வினாடி மூடித் திறங்கள். பிறகு அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். நான்காம் வாரம் பெட்டியைத் தூக்கி ஹாலைச் சுற்றி வாருங்கள், காரில் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள், கடைசியாகத் தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கே திரும்புங்கள். எந்தக் கட்டத்திலாவது தின்பதை நிறுத்திவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். முந்தைய கட்டத்துக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.

புறப்படும் நாளில் படுக்கையறைக் கதவுகளை முன்னதாகவே சாத்திவிடுங்கள். பூனையைச் சாந்தப்படுத்தும் ஃபெலிவே ஸ்ப்ரே வாங்கியிருந்தால் பெட்டியின் மூலைகளிலும் துண்டிலும் எட்டு முதல் பத்து முறை அடித்து, 15 நிமிடம் கழித்தே பூனையை ஏற்றுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும் முன் ஏற்றினால் அந்த நெடியே பூனையை விரட்டும். ஸ்ப்ரே கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். நான்கு வாரப் பழக்கத்தின் இடத்தை அது நிரப்பாது.

பெட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டு வீசி நடக்காமல் இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். காரில் முன்சீட்டுக்குப் பின்னால், தரையில் இறுக்கமாக வைத்தால் ஜாலான் கூச்சிங் நெரிசலில் பிரேக் போட்டாலும் அசையாது. மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள்.

கிளினிக்கில் பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. நாய்களின் மூக்கு அந்த உயரத்தில்தான் வரும். நாற்காலிமேல், வாசல் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். உள்ளே போனதும், "டாக்டர், மூடியைக் கழற்றிவிடுகிறேன், அடிப்பெட்டியிலேயே வைத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். காதைப் பார்ப்பதும், வயிற்றைத் தடவுவதும், ஊசி போடுவதும் எல்லாம் அப்படியே செய்ய முடியும். கவிழ்த்துக் கொட்டுவதை இத்தோடு விட்டுவிடுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்குவதையும் பூனை மருத்துவ வழிகாட்டுதல்கள் இப்போது ஏற்பதில்லை. குட்டியைத் தாய் கவ்வுவது வேறு. வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்தால் அது அடங்குவதில்லை, பயத்தில் உறைகிறது.

அவசரம் என்றால்? நான்கு வாரம் பழக்க நேரமில்லையே.
*அதே கடிதத்தில், பின்குறிப்பாக*

பூனையைக் குளியலறை போன்ற சிறிய அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கேரியரை நிமிர்த்தி, வாசல் மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். பெரிய துண்டைப் பின்பக்கமிருந்து போர்த்தி, நான்கு கால்களும் உள்ளே அடங்கும்படி சுற்றி, பின்கால்கள் முதலில் இறங்கும்படி மெதுவாக இறக்குங்கள். தலை முதலில் போனால் முன்கால்களை விளிம்பில் ஊன்றி எதிர்க்கும். துண்டோடு சேர்த்தே விட்டுவிடலாம்.

என் பூனைக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்றார் டாக்டர். உடனே மருந்து தராமல் இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார். வீணாகப் பணம் வாங்குகிறாரோ என்று மனதில் சந்தேகம்.
*வாசகர், கெப்போங்*

ஐயா, சந்தேகம் வேண்டாம், அவர் சரியாகத்தான் செய்கிறார். பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் எகிறும்போது கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. நீரிழிவே இல்லாத பூனைக்கும் அந்த நேரத்தில் 15 மில்லிமோலுக்கு மேல் காட்டலாம். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. அவர் கேட்பது ஃப்ரக்டோசமின் என்ற டெஸ்டாக இருக்கலாம். அது கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும், அன்றைய பயம் அதைப் பெரிதாக மாற்றாது. வீட்டில் எடுத்த சிறுநீரும் உதவும். பூனை மண்ணை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லை ட்ரேயில் பரப்புங்கள். சிறுநீரை அது உறிஞ்சாது, அடியில் தேங்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தமான சிறு புட்டியில் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு மூன்றுமே பயத்தில் ஏறும். பிராணியை அமைதியாகக் கொண்டுபோவதால் நோயைக் கண்டுபிடிப்பதும் எளிதாகிறது.

முயலுக்குக் கருத்தடை செய்ய நாள் குறித்திருக்கிறோம். முந்தைய இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மோட்டாரில், துணிப்பையில் வைத்துக் கொண்டுபோகலாமா? அண்ணன் அப்படித்தான் கொண்டுபோவான்.
*கல்லூரி மாணவர், பினாங்கு*

தம்பி, பக்கத்து வீட்டு அங்கிள் சொல்வது நாய்க்கும் பூனைக்கும் பொருந்தும். மயக்க மருந்தில் அவை வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் பட்டினி. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பல மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் குடல் அசைவு நின்று, வாயு கட்டி, சில நாளில் உயிரே போகும். பயமும் வலியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே இரவும் காலையும் திமோத்தி புல் அதன் முன்னால் இருக்கட்டும். வாயில் உணவுத் துணுக்கு இருக்கக்கூடாது என்று கடைசி ஓரிரு மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போடு என்று ஒரு கிளினிக் சொன்னால், அங்கே முயல்களை அடிக்கடி பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாக் கிளினிக்கிலும் முயல் பார்ப்பதில்லை.

மோட்டார் வேண்டாம், அண்ணனிடமும் சொல்லுங்கள். முயலுக்கு வியர்க்காது, நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் அதற்குச் சரியாக வராது. காதுகளில் ஓடும் ரத்தக்குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. 28 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். நம் ஊரில் பகல் 11 மணிக்கே 31, 32. துணிப்பைக்குள் காற்றும் கிடையாது, அடியில் பிடிமானமும் கிடையாது. அதோடு புகைக்குழாய்ச் சத்தம் வேறு.

கார் இருக்கும் உறவினரையோ நண்பரையோ கேளுங்கள். கிராப் என்றால் புக் செய்ததும், "மூடிய பெட்டியில் ஒரு முயல், சம்மதமா?" என்று டிரைவருக்கு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். வந்தபின் வாசலில் வாக்குவாதம் வேண்டாம். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ நேரம் வாங்குங்கள். பெட்டியின் அடியில் ரப்பர் பாய், அதன்மேல் துண்டு, அதன்மேல் ஒரு கைப்பிடி அதன் பழைய புல். 500 மில்லி தண்ணீர்ப் புட்டியை உறையவைத்து, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். குளிர் அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் வேண்டும்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்கால்களுக்கும் பிட்டத்துக்கும் அடியில். பின்கால் காற்றில் தொங்கினால் உதைக்கும். உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடியது முயல். அதன் எலும்பு அவ்வளவு லேசானது, தொடைச் சதை அவ்வளவு பலமானது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே, சுகமாக இருக்கிறதோ என்று பலர் ஏமாறுகிறார்கள். வேட்டை விலங்கிடம் சிக்கிய முயல் செத்ததுபோல் கிடப்பது அப்படித்தான். நகம் வெட்டக்கூட அப்படிப் போடாதீர்கள்.

ஜோடியாக வளர்ந்த முயல் என்றால் துணையையும் கூட்டிப் போகலாமா என்று கேளுங்கள். வீடு திரும்பியபின் புழுக்கை எத்தனை, எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போகும் முன் பூனைக்கு அரை பனடோலோ பிரிட்டன் (Piriton) மாத்திரையோ கொடுத்தால் சாந்தமாகுமா? கோடாலித் தைலத்தைத் துண்டில் தடவினால் வாந்தி நிற்கும் என்கிறார் மாமியார்.
*வாசகி, ஜெலுத்தோங்*

பனடோல் கூடவே கூடாது அம்மா. அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அரை மாத்திரையில் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு சாம்பலாகும், முகம் வீங்கும், இறந்தும் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே கிளினிக் ஓடுங்கள். கோடாலித் தைலத்திலுள்ள யூகலிப்டஸ் எண்ணெயும் மெதில் சாலிசிலேட்டும் அதே காரணத்தால் பூனைக்கு விஷம். மாமியாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பிரிட்டன் அரிப்புக்கான மருந்து. தூக்கம் வரலாம், பயம் போகாது. சில பூனைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து பதற்றத்தைக் கூட்டும்.

பயத்துக்கென்றே டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து உண்டு. பூனைக்கு அதிகம் தருவது கபாபென்டின். பொதுவாக ஒரு பூனைக்கு 50 முதல் 100 மில்லிகிராம், கிளினிக் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அளவைக் குறைப்பார்கள், அதனால் டாக்டர் பார்க்காமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். காப்ஸ்யூலைத் திறந்து ஒரு தேக்கரண்டி ஈரச் சாப்பாட்டில் கலக்கலாம். முழுத் தட்டில் கலந்தால் பாதி மருந்து தட்டிலேயே கிடக்கும். மனிதர்களுக்கான கபாபென்டின் சிரப்பை வாங்காதீர்கள், சில வகைகளில் சைலிட்டால் இனிப்பு இருக்கிறது. வீட்டிலுள்ள நாய் நக்கினால் ஆபத்து.

முக்கியமான நாளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பூனை தள்ளாடும், சில மணி நேரம் தூங்கி வழியும். அதுவரை அலமாரி உச்சி வேண்டாம். பிளாட்டில் மேல்மாடியில் இருந்தால் பால்கனிக் கதவைக் கட்டாயம் சாத்துங்கள்.

காக்கட்டீல் கிளியை எப்படி எடுத்துப்போவது? கையில் பிடித்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது.
*வாசகர், புக்கிட் மெர்தாஜாம்*

பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. மார்பைச் சுற்றி விரல் இறுகினால் மூக்கைப் பொத்தாமலே மூச்சு நின்றுவிடும். விளக்கை அணைத்து, மெல்லிய துண்டால் பின்னாலிருந்து மூடி, தலையின் இரு பக்கத்தையும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகத் தாங்குங்கள். மார்பு துண்டுக்குள் தளர்வாக இருக்கட்டும். வாய் திறந்து வால் ஆடத் தொடங்கினால் உடனே விட்டுவிடுங்கள்.

சிறிய கூண்டு போதும். ஊஞ்சல், தண்ணீர்க் கிண்ணம், பொம்மை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, தரையை ஒட்டித் தாழ்வாக ஒரு குச்சி மட்டும் கட்டுங்கள். கொறிக்கத் தினைக்கதிர் ஒன்று. அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் எச்சத்தின் நிறத்தை டாக்டர் பார்க்க முடியும். நோயுற்ற பறவைக்குச் சூடு வேண்டும். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றாலும் ஏர்கோன் காற்று நேராகக் கூண்டில் படாமல் திருப்பி வையுங்கள்.

ஹாம்ஸ்டரை அட்டைப்பெட்டியில் கொண்டுபோகலாமா?
*பள்ளி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்*

கொண்டுபோகலாம், ஆனால் கிளினிக் சேரும் முன் அட்டையைக் கொறித்து ஓட்டை போட்டிருக்கும். காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் சரி. அதன் கூட்டிலிருந்தே இரண்டு கைப்பிடி படுக்கைத் துகள், ஒளிந்துகொள்ள டிஷ்யூ உருளை ஒன்று, தண்ணீர்ப் புட்டிக்குப் பதில் வெள்ளரித் துண்டு ஒன்று. புட்டி வண்டி குலுங்கும்போது ஒழுகி எல்லாவற்றையும் நனைத்துவிடும். பகலில் தூங்கும் பிராணி, மாலை நேரம் வாங்கு. டாக்டரிடம் காட்டும்போது இரு கைகளையும் கிண்ணமாக்கி, மேசைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதே. விழுந்தால் கால் ஒடியும்.

எங்கள் ஷிட்சூ நாய் வீட்டில் குழந்தை மாதிரி. கிளினிக் மேசையில் ஏற்றினால் மட்டும் கடிக்கப் பாய்கிறது. வாய்க்கூடு போடச் சொல்கிறார்கள். மனது கேட்கவில்லை.
*வாசகி, செராஸ்*

மனது கேட்காமல் போவது இயல்புதான். ஆனால் வாய்க்கூட்டை அன்றுதான் முதன்முதலாக, நால்வர் அமுக்கிப்பிடித்து மாட்டினால் தண்டனை. வீட்டில் பழக்கி மாட்டினால் அது ஒரு கழுத்துப்பட்டை மாதிரி ஆகிவிடும். வாயை இறுக்கும் துணிக் குழாய் வேண்டாம். அதைப் போட்டால் நாய் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது. ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்க்கு நம் வெயிலில் அது இன்னும் ஆபத்து. உள்ளே வாய் திறக்க இடமுள்ள, தட்டை மூக்குக்கென்றே செய்த கூடை வகையாகத் தேடி வாங்குங்கள்.

கூடையின் உட்புறம் ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிரைத் தடவி நீட்டுங்கள். தானாக மூக்கை விட்டு நக்கட்டும். மூன்று நாள் இப்படி, வார் பூட்டாமல். பிறகு நக்கும்போதே வாரைப் பூட்டி ஐந்து வினாடியில் கழற்றுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் நீட்டி ஐந்து நிமிடம்வரை கொண்டுவாருங்கள். முன்காலால் பிடுங்கத் தொடங்கினால் நேற்றைய அளவுக்கு இறங்குங்கள்.

மேசைதான் இன்னொரு பிரச்சினை. இரும்புத் தகடு வழுக்கும், குளிரும். கால் வழுக்கும் நாய் விழப்போகிறோம் என்ற பயத்திலேயே கடிக்கும். வீட்டிலிருந்து ரப்பர் யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். வீட்டிலும் அதே பாயில் நிறுத்தி, காதைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது, உதட்டை விலக்குவது எல்லாம் தீனி கொடுத்துப் பழக்குங்கள். முடிந்தால் தரையிலோ உங்கள் மடியிலோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடிக்கும் முன் நாய் பலமுறை சொல்லிவிடுகிறது. உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், பிறகு உறுமும். உறுமியதற்கு அதட்டாதீர்கள். அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். இன்றே செய்தாக வேண்டிய வேலையா என்றும் கேட்கலாம். நகம் வெட்டுவது அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.

இடையில் ஊசியே இல்லாமல் இரண்டு மூன்று முறை கிளினிக் போய் வாருங்கள். எடை பார்த்து, கவுண்டர் பெண்ணின் கையால் ஒரு துண்டு கோழி தின்றுவிட்டுத் திரும்பட்டும். சனிக்கிழமை வேண்டாம், வாரநாள் மதியம் கூட்டம் குறைவு. உண்மையான சிகிச்சை நாளில் போன் செய்து, "காரிலேயே இருக்கிறோம், எங்கள் முறை வந்ததும் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். இன்ஜினும் ஏர்கோனும் ஓட வேண்டும், நீங்களும் கூடவே இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மருந்து கேளுங்கள். அசிப்ரோமசின் மட்டும் தந்தால் ஏன் என்று விசாரியுங்கள். அது உடலை அடக்கும், பயத்தை அப்படியே விட்டுவைக்கும். டிராசோடோன், கபாபென்டின் போன்றவை பயத்தைக் குறைக்கும்.

ஒரு பூனைக்கு அறுவை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடவே வளர்ந்த அக்கா பூனை அதைப் பார்த்துச் சீறி அடிக்க வருகிறது. ஏன்?
*வாசகர், பத்து கேவ்ஸ்*

அக்காவுக்கு அது தங்கை என்று தெரியவில்லை. பூனைகள் ஒன்றையொன்று வாசனையால்தான் அறிகின்றன. வந்திருப்பதோ ஸ்பிரிட்டும் மயக்க மருந்தும் வேறு பிராணிகளின் நெடியும் கலந்த ஒரு அந்நியப் பூனை. நடையும் தள்ளாடுகிறது. திட்டாதீர்கள், இரண்டையும் சேர்த்துவைத்துச் சமாதானமும் செய்யாதீர்கள். தங்கையைத் தனி அறையில் 24 மணி நேரம் வையுங்கள். தையல் இருப்பதால் குளிப்பாட்டவும் கூடாது, பவுடரும் போடக்கூடாது. அக்கா படுத்த துண்டை தங்கைக்கு விரியுங்கள், தங்கையின் துண்டை அக்காவிடம் வையுங்கள். மறுநாள் மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்துப் பாருங்கள். இரண்டும் நிம்மதியாகத் தின்றால் கதவை ஒரு கையகலம் திறக்கலாம். சீறல் மூன்று நான்கு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த தடுப்பூசிக்கு இரண்டையும் தனித்தனிக் கேரியரில் ஒரே நாளில் கூட்டிப் போய்விட்டால், இரண்டுக்கும் ஒரே நெடிதான் இருக்கும்.